வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்துப் பெரியவர்களும், வெளியூரில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. 60 வயதைத் தாண்டியும் இதுவரை யாரும் "உங்களுக்குச் சர்க்கரை" என்று சொல்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதில் புதிதாகப் பெரிய செய்தி இருக்காது.

அப்பத்தாவுக்கு 76 வயசு. தாகம் இல்ல, ராத்திரியில அடிக்கடி எந்திரிச்சுப் போறதும் இல்ல. ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கு எதுக்கு டெஸ்ட்?

தொந்தரவு சொல்லாததுதான் காரணம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரகம் ஓர் அளவு வரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுத்தர வயதில் அந்த அளவு சுமார் 180 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). அதைத் தாண்டும்போதுதான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும், அதனால் தாகம் எடுக்கும். வயது ஏற ஏற அந்த அளவும் மேலே போய்விடுகிறது. தாக உணர்வும் மழுங்கிவிடுகிறது. 210 இருந்தாலும் அப்பத்தா ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாகக் கேட்க மாட்டார்.

அவரிடம் வேறு அடையாளங்கள் தெரியலாம். மத்தியானமே அசந்து சாய்ந்துவிடுவது, ரவிக்கை தளர்ந்துபோகிற அளவுக்கு மெலிவது, தடுமாறி விழுவது, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு, கையைத் தூக்க முடியாதபடி தோள் இறுகுவது, ஆறாத புண், கொஞ்ச நாளில் கூடிப்போன மறதி. மறைவிடத்து அரிப்பும் ஒன்று. அதை அவர் மகனிடம் சொல்ல மாட்டார். மருமகள் கேட்டால் ஒருவேளை சொல்லுவார், ஆகவே மருமகள்தான் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் நாம் வைத்திருக்கும் ஒரே விளக்கம் "வயசாச்சு". அந்த ஒரு சொல்லால் பல வருடம் வீணாகிறது.

பிரிட்டனில் 1977ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அன்றைக்கே கண்ணிலோ நரம்பிலோ வேறெங்கோ ஏதாவது ஒரு பாதிப்பு இருந்தது. அவர்களுக்கு நோய் தெரியவந்தது அன்றைக்குத்தான். உடம்புக்குள் அது பல வருடமாக இருந்திருக்கிறது.

நம்ம பக்கம் அவ்வளவு பேருக்கா இருக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. 20 வயதைத் தாண்டியவர்களில் நாடு முழுவதும் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விகிதம் இன்னும் கூடும். நோய் இருந்தும் தெரியாமல் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை.

நான் இனிப்பே தொடமாட்டேன். எனக்கு எப்படி வரும்?

வரும். இனிப்பு சாப்பிடுவதால் மட்டும் வருகிற நோய் இல்லை இது. வயது, வம்சம், இடுப்புச் சுற்றளவு, உழைப்பில்லாத இருப்பு ஆகியவற்றுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மூன்று வேளையும் அரிசி என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

யாருக்கு அவசியம்? வீட்டிலேயே கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் முறை இருக்கிறது. ஊசி வேண்டாம், ஓர் அளவு நாடா போதும். வயது 50ஐத் தாண்டினால் 30 மதிப்பெண். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90க்கு மேல் 20. ஆண்களுக்கு 90 முதல் 99 என்றால் 10, 100க்கு மேல் 20. உடற்பயிற்சியும் கிடையாது, உடலுழைப்பும் கிடையாது என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்திருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

இதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள்: 50ஐத் தாண்டிய ஒருவர் முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர் என்றால், ஒல்லியாக இருந்தாலும், வம்சத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் 60 வந்துவிடுகிறது. அதனால் இந்த வயதில் கணக்குப் போட்டு நேரத்தைக் கழிப்பதைவிட நேராக ரத்தம் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை என்பதால், "எங்கப்பச்சிக்குச் சர்க்கரை கிடையாது" என்று பெரியவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இடுப்பை அளந்தே பார்ப்பதென்றால், வேட்டி முடிச்சுக்கு நேராக அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்க வேண்டும்.

அரசுத் திட்டத்தில் 30 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் பரிசோதனை உண்டு.

வெறும் வயித்துல மட்டும் பாத்தாப் போதாதா?

இளவயதினருக்குப் பெரும்பாலும் போதும். பெரியவர்கள் விஷயத்தில் எனக்கு அதில் திருப்தி இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைகள். வயதாகும்போது தசை வற்றுகிறது; சாப்பாடு உள்ளே போனவுடன் சட்டென்று இன்சுலின் சுரக்கிற வேகமும் குறைகிறது. இரவு முழுக்க நேரம் கிடைப்பதால் காலையில் அளவு இறங்கி, வெறும் வயிற்றில் 108 காட்டும். அதே ஆளுக்குக் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 230 இருக்கலாம். காலை ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வீட்டுக்குப் போனவர்களில் இப்படி மறைந்திருப்பவர்கள் உண்டு.

வெறும் வயிற்றில் 126, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம், இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இரண்டு முடிவுகளாவது ஒத்துப்போக வேண்டும்.

குளுக்கோஸ் டெஸ்ட் கொஞ்சம் சிரமம்தான். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது சிலருக்குக் குமட்டும், இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். "டிபன் சாப்பிட்டு வாங்க" என்று லேப்பில் சொல்வதும் உண்டு. ஆனால் ஒருவர் இரண்டு இட்லி சாப்பிடுவார், இன்னொருவர் வெள்ளைப் பணியாரம் ஆறு சாப்பிடுவார். அந்த எண்ணை வைத்து ஓரளவு ஊகிக்கலாமே தவிர, உறுதி சொல்ல முடியாது.

டெஸ்டுக்கு முன்னாடி காபி குடிக்கலாமா?

கூடாது. சர்க்கரை போடாத காபியும் கூடாது. விடியற்காலை அஞ்சு மணிக் காபியை விடச் சொன்னால் நம் பெரியவர்கள் டெஸ்டையே விட்டுவிடுவார்கள் என்பது தெரியும். அதனால் லேப் திறக்கும் நேரத்துக்கே முதல் ஆளாகக் கூட்டிப்போய்விடுங்கள், திரும்பும்போது குடித்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து எட்டு மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

லேப்காரங்க வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போறாங்க. அது சரியா இருக்குமா?

எடுத்த ரத்தம் குழாயில் இருக்கும்போதும் அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்தெடுக்காமல் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. காலை 6 மணிக்குக் கிராமத்தில் எடுத்து, பத்து வீடு சுற்றி, காரைக்குடிக்கு 10 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் 130 இருந்தவருக்கு 105 என்று ரிப்போர்ட் வரலாம். இதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட, சாம்பல் நிற மூடி உள்ள குழாய். அது முழுப் பாதுகாப்பு இல்லை, என்றாலும் சாதாரணக் குழாயைவிட மேல். சர்க்கரைக்கு எடுக்கும் ரத்தம் எந்தக் குழாயில் போகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை. நடக்க முடிகிறவர் என்றால் லேப்புக்கே போவது நல்லது.

கோயில் முகாம்ல விரல்ல குத்திப் பாத்து 190ன்னாங்க. சர்க்கரை வந்துருச்சா?

இன்னும் தெரியாது. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, கை கழுவியிருந்தாரா என்பதெல்லாம் தெரிய வேண்டும். பிரசாதமோ வாழைப்பழமோ சாப்பிட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் மெஷின் அந்தப் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துத்தான் படிக்கும். நல்ல மெஷினுக்கே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. ஆகவே விரலில் குத்துவது சந்தேகத்தைக் கிளப்புவதற்கு மட்டும். முடிவு, கையில் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில்.

முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டில் எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "டாக்டரப் பாருங்க" என்று அனுப்புகிற முகாமால் யாருக்கும் பயன் இல்லை. அந்தச் சீட்டு சுவாமி அறைக் காலண்டரில் குத்தப்பட்டு ஆறு மாதம் தொங்கும். முகாம் நடத்துகிறவர்கள் பேரையும் போன் நம்பரையும் எழுதிவைத்து, அடுத்த வாரம் "லேப்புக்குப் போனீங்களா ஆச்சி?" என்று ஒரு போன் போட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது.

மகன் மலேசியாவுலேருந்து மெஷின் கொண்டாந்தான். சாப்பிட்டுப் பாத்தா 11தான் காட்டுது. ரொம்பக் கொறச்சலா இருக்கே?

குறைச்சல் இல்லை, கூடுதல்! மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 7 என்றால் 126. 7.8 என்றால் 140. உங்கள் 11, நம் ஊர்க் கணக்கில் 198. பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் போய்வந்த ஊர் என்பதால் இந்தக் குழப்பம் இங்கே அடிக்கடி வருகிறது. மெஷின் மேல் இதை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்குப் பொருந்தும் ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா, கொண்டுவந்ததற்குக் காலாவதித் தேதி என்ன என்பதையும் பாருங்கள். பழைய ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

மூணு மாசச் சராசரி டெஸ்ட் ஒன்ன மட்டும் எடுத்துட்டா?

ஹெச்பிஏ1சி வசதியான டெஸ்ட். வெறும் வயிறு வேண்டாம், எந்த நேரத்திலும் கொடுக்கலாம். ஆனால் அது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது. சிவப்பணுவில் கோளாறு இருந்தால் கணக்கும் கோளாறாகும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தப்போக்கு, அண்மையில் ரத்தம் ஏற்றியது, முற்றிய சிறுநீரக நோய் இவற்றில் குறைவாகக் காட்டக்கூடும். நம் பெரியவர்களில், அதிலும் பெண்களில், ரத்தசோகை சர்வசாதாரணம். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். அது குறைவாக இருந்தால் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதுங்கறாங்களே?

கறுப்பு அரிசி என்பதால் பட்டை தீட்டாத தவிட்டில் நார்ச்சத்து உண்டு, நிறமிகள் உண்டு. சரி. ஆனால் நம் வீட்டில் கவுனியை எப்படிச் செய்கிறோம்? குழைய வேகவைத்து, சீனியைக் கொட்டி, தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து. அது இனிப்புப் பலகாரம். கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி சாப்பிடுங்கள், சந்தோஷம். மருந்து என்று சொல்லிச் சாப்பிடாதீர்கள். கும்மாயத்துக்கும் இதே பதில்: உளுந்து நல்லதுதான், கூடவே போகிற கருப்பட்டி சர்க்கரைதான்.

மூட்டுவலிக்கு ஒரு பொடி சாப்பிடுறேன், நல்லாக் கேக்குது. அதுனால ஏதும்?

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் வலி மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், குறிப்பாக மத்தியானத்துக்குமேல். லேப்புக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பல நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நீங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து.

"பார்டர்ல இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. இப்ப என்ன பண்றது?

வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸுக்குப் பின் 140 முதல் 199, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் இந்த நிலை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த நம் மக்களிடமே நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. நடையும் உணவு மாற்றமும் மட்டுமே சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

அதில் கலந்துகொண்டவர்கள் நடுத்தர வயதினர். 75 வயதுக்காரருக்கு அதே கண்டிப்பு வேண்டாம். "பார்டர்" என்று கேட்ட பயத்தில் ஒரு வேளைக் கஞ்சியில் நாளை ஓட்டுகிற ஆச்சிகள் இருக்கிறார்கள். அதனால் இருக்கிற தசையும் கரைந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால், சர்க்கரை செய்யாத கெடுதலை அந்தப் பத்தியம் செய்துவிடும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், மோர், காய் இவற்றைக் கூட்டுவதே சரி. இரண்டாம்கட்டு வளவைச் சுற்றி, சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடக்கலாம். அவ்வளவு பெரிய வீட்டை வேறு எதற்குக் கட்டினார்கள்!

எங்க போய்ப் பாக்கறது? செலவு?

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் உறுதியானால் மாத்திரையும் வீடு தேடி வரும். பெரிய வீட்டு வாசலில் பெரும்பாலும் கதவு சாத்தியே இருக்கிறது, அல்லது வேலையாள், "ஆச்சி தூங்கறாங்க" என்று அனுப்பிவிடுகிறார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சர்க்கரைன்னு உறுதியாயிருச்சு. மொதல்ல என்ன?

பதறாதீர்கள். ஒத்திப்போடவும் வேண்டாம். மாத்திரையோடு நான்கு காரியங்கள் இருக்கின்றன: கண்பாப்பாவை விரித்து விழித்திரை பார்ப்பது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை, பாதம். கண்ணுக்கு மதுரை அரவிந்துக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம். புரைக்கு ஆபரேஷன் என்று போன இடத்தில்தான் சர்க்கரையே தெரியவந்தது என்பவர்களும் உண்டு. அப்படியானால் விழித்திரையையும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதத்தைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குச் செருப்பில்லாமல் நடக்கிற ஊர் இது. பிள்ளையார்பட்டிக்கு நடக்கிறவர்களும் உண்டு. சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலைச் சூடும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. இரண்டாம் நாள் கொப்புளம், ஊர் திரும்பும்போது புண், அடுத்த மாதம் விரலை எடுக்க வேண்டிய நிலை. அதனால் 60 தாண்டி நடைப்பயணம் போக நினைப்பவர்கள் மார்கழியிலேயே சர்க்கரையும் பாதமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பாதப் பரிசோதனைக்கு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை. இழை தொடுவது தெரியாதவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. நேர்த்திக்கடன் என்றால் மெத்தென்ற செருப்போடு நடக்கட்டும், முருகன் கோபிக்க மாட்டான். ஒவ்வொரு ராத்திரியும் கூட வருகிறவர் யாராவது டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்க்கட்டும்.

எங்க ஐயாவுக்கு 88. படுத்த படுக்கை. அவருக்கும் பாக்கணுமா?

அறிகுறி இருந்தால் பாருங்கள்: அதிக அசதி, நீர்ச்சத்து வற்றல், ஆறாத புண், குழப்பம். ஒன்றுமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் குத்திப் பார்ப்பதில் அவருக்கு லாபம் குறைவு.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் ஆபத்து அதிகமுள்ள 40 முதல் 69 வயதினரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012ல் வந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று தேடிப் பரிசோதித்தவர்களிலும் தேடாமல் விட்டவர்களிலும், பத்தாண்டுக் கணக்கில் இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அங்கே தெரியாமல் இருந்தவர்களே குறைவு. சாதாரண வைத்தியமும் நன்றாக நடக்கிற நாடு. நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும், பரிசோதனையே உயிரைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். முன்னதாகத் தெரிந்துகொண்டு கண், கால், ரத்த அழுத்தம் இவற்றைக் கவனித்தால்தான் பலன்.

நோய் இருந்தாலும் தளர்ந்த முதியவருக்கு இலக்கைத் தளர்த்த வேண்டும். திடமாக இருப்பவருக்கு ஹெச்பிஏ1சி 7 முதல் 7.5க்குள், பல நோய்கள் உள்ளவருக்கு 8க்குள் என்று பார்ப்பது வழக்கம். 88 வயதில் ஏறிய சர்க்கரையைவிடத் திடீரென்று இறங்குகிற சர்க்கரைதான் ஆளைச் சாய்க்கும். கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளைப் பெரியவர்களுக்குத் தவிர்ப்பது அதனால்தான். சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ரெண்டு மாசத்துல எட்டுக் கிலோ கொறஞ்சு, புதுசா சர்க்கரைன்னும் வந்திருக்கு.

இதைச் சாதாரணச் சர்க்கரை என்று விட்டுவிடாதீர்கள். வயதானவருக்குத் திடீரென்று சர்க்கரையும் கடுமையான மெலிவும் சேர்ந்து வந்தால் கணையத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். இருமல் இருந்தால் காசநோய்க்கும் சளி கொடுக்க வேண்டும், சர்க்கரையும் காசநோயும் கூட்டாளிகள்.

நாங்க எல்லாரும் வெளியூரு. அம்மா மட்டும் ஊர்ல. எப்பக் கூட்டிட்டுப் போறது?

குடும்பம் கூடுகிற நாட்கள் இருக்கின்றன அல்லவா: அறுபதாம் கல்யாணம், படைப்பு, பிள்ளையார் நோன்பு, கோயில் திருவிழா. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து, சமையல்காரர் பலகாரச் சட்டியை அடுப்பில் ஏற்றுவதற்குள் லேப் வேலையை முடித்துவிடுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் என்றால் யாருக்கும் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. காய்ச்சலிலோ, விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ எடுத்த அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். உடம்பு படும் பாட்டில் அது தற்காலிகமாக ஏறும். தேறிச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது, காகிதமும் அம்மாவின் பையில் இருக்கட்டும். அவசரத்தில் கூட்டிப்போகிற பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் குழுவில் இருக்க மாட்டார்.

எல்லாம் நார்மல். அடுத்து எப்ப?

60 தாண்டியவர் என்றால் வருடம் ஒரு முறை பார்ப்பது நல்லது. மூன்று வருடத்தைத் தாண்ட விடவே கூடாது. பார்டரில் இருப்பவர் கட்டாயம் வருடா வருடம். நடுவில் ஸ்டீராய்டு சாப்பிட நேர்ந்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.